சியர்காவ்: கடல் வற்றினால் ஒரு தீவு, ஏறினால் வேறொரு தீவு

பிலிப்பைன்ஸின் சியர்காவ் தீவுக்குப் போகிறவர்களில் பலர் அலைச்சறுக்குக்காகவே போகிறார்கள். ஆனால் தீவை முழுசாகப் பார்க்க நினைப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஓத அட்டவணை. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் தாள் அது. அங்கே பாறைக் குளங்கள் தோன்றுவதும், குகை வாசல் திறப்பதும், பவளத்திட்டின் மேல் பயமின்றிச் சறுக்க முடிவதும் அதன்படிதான்.

முதலில் அலையைப் பார்ப்போம். ஜெனரல் லூனா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘கிளவுட் 9’ உலகப் புகழ் பெற்ற அலை. அந்த நாட்டில் விற்கும் ஒரு சாக்லேட்டின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அலையைக் கிளப்புவது காற்று. அதுவும் உள்ளூர்க் காற்று இல்லை, பசிபிக்கில் எங்கோ சுழலும் புயலின் காற்று. 14 வினாடிக்கு ஒன்றாக வரும் அலைகளை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அவற்றின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே சுமார் 300 மீட்டர் இருக்கும். கூட்டமாக மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தில் நகரும். ஆக, 2,000 கி.மீ. தள்ளி அடித்த புயல் இரண்டு நாள் கழித்துத் தீவின் கரையில் அலையாக வந்து இறங்கும். அந்த நேரத்தில் தீவில் ஒரு தென்னங்கீற்றுகூட அசையாமல் இருக்கலாம்.

ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும்தான் கடல் தரையை உணரும். நம் கணக்கில் அது 150 மீட்டர். தரை மெல்ல மெல்ல மேடேறும் கரைகளில், அலை நெடுந்தூரம் அடியில் உரசி உரசியே பலம் இழந்துவிடும். சியர்காவுக்குக் கிழக்கே இருப்பதோ 10,000 மீட்டருக்கும் மேல் ஆழமான பிலிப்பைன் அகழி. அதைத் தாண்டி வரும் அலை, அதிகம் களைக்காமல் வந்து, திடுதிப்பென்று பவளத்திட்டில் ஏறுகிறது. அடிப்பக்கம் தடுக்கப்படுகிறது, மேல்பக்கம் வந்த வேகத்திலேயே முன்னால் பாய்கிறது. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். திட்டு செங்குத்தாக ஏறுவதால் முகடு நுரைத்துச் சரியாமல் வில்லாக வளைந்து விழுகிறது. உள்ளே ஆள் புகுந்து வெளியே வரும் அளவுக்கு ஒரு நீர்க்குழாய்!

2021 டிசம்பர் 16 அன்று ஒடெட் சூறாவளி இந்தத் தீவில்தான் கரையேறியது. கிளவுட் 9-இன் புகழ்பெற்ற மரப்பாலம் நொறுங்கிப்போனது. பிறகு புதிதாகக் கட்டினார்கள். அலை மட்டும் அப்படியே இருந்தது, ஏனென்றால் அதை வார்ப்பது அடியில் கிடக்கும் திட்டு.

கடல் வற்றும்போது அந்தத் திட்டு நீர்மட்டத்துக்கு மிக அருகில் வந்துவிடும். பவளம் கத்தி மாதிரி. விழுந்தால் தோல் உரியும். சரி, அந்த நேரத்துக்கு என்ன செய்வது? வடக்கே பிலார் பக்கம் போக வேண்டும், மக்புபுங்கோவுக்கு.

‘புங்கோ’ என்றால் உள்ளூர் மொழியில் உட்காருவது. தட்டையான பாறைப் பரப்பின் மேல் ஒரு பெரும்பாறை குந்தியிருப்பதால் அந்தப் பெயர். ஓதம் ஏறியிருக்கும்போது போனால் வெறும் கடலைத்தான் பார்ப்பீர்கள். வற்ற வற்ற, பாறை விளிம்பு மேலே வந்து கடலைப் பிரித்துவிடும். குழிகளில் நின்றுபோன நீர் குளங்களாகும். அலை கலக்காததால் மணல் அடியில் படிந்துவிடுகிறது. குனிந்து பார்த்தால் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்திலும் தரையில் வெயில் வலைபோல் நெளிவது தெரியும். தேங்கிய நீர்தானே, பாசி பிடித்து நாறாதா? நாறாது. ஓதம் ஒவ்வொரு முறை ஏறும்போதும் கடல் உள்ளே வந்து பழைய நீரை மாற்றிவிடுகிறது. என்னைக் கேட்டால், சியர்காவில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் நன்றாக வற்றும், அப்போது போங்கள்.

அப்புறம், பக்கத்துத் தீவான புகாஸ் கிராண்டேயில் இருக்கும் சோஹோட்டன். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் குடைந்த குகை வாசல் அது. வற்றும் நேரத்தில், படகில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நுழைவார்கள். ஏறிவிட்டால் வாசல் மூடிக்கொள்ளும். உள்ளே, மறைவான காயல்களில் கொட்டாத சொறிமீன்கள், அதாவது ஜெல்லிமீன்கள். சொறிமீன் என்ற பெயரே பட்டால் சொறியெடுக்கும் என்பதால் வந்தது. இவையோ மனிதத் தோலுக்கு உறைக்கும்படி கொட்டுவதில்லை. இப்படிப்பட்ட சொறிமீன்கள் உடலுக்குள் நுண்பாசிகளை வளர்க்கின்றன. பாசி வெயிலில் சர்க்கரை சமைத்துக் கொடுக்கிறது. அதனால் வெயில் விழும் பக்கமாகவே மிதந்து திரிகின்றன. தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள், அவற்றின் உடல் எளிதில் கிழிந்துவிடும்.

ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று ஒருவர் போய்வந்த நேரத்தையே நம்பிப் புறப்பட வேண்டாம். மக்புபுங்கோவின் விளிம்பைத் தாண்டி முதல் அலை குளத்துக்குள் சிதறும்போது எல்லாரும் கரையேறுகிறார்கள். தெற்கே கிளவுட் 9-இல் அதே நேரம் திட்டின் மேல் நீர் ஏறிக்கொண்டிருக்கும். பலகைகள் கடலில் இறங்கத் தொடங்கும்.