ஒர்க்ஸ்டேஷன் என்றால் பணிநிலையம்: சொல்லும் பொருளும்

சிங்கப்பூர் அலுவலகத்தில் ‘உங்கள் ஒர்க்ஸ்டேஷன் எது?’ என்று கேட்டால் மேசையைக் காட்டுவார்கள். சிம் லிம் சதுக்கக் கணினிக் கடையில் அதையே கேட்டால், மூன்று கிலோ எடையுள்ள மடிக்கணினி ஒன்றை எடுத்துவைத்து விலை சொல்வார்கள். இரண்டும் சரிதான். தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ ஒருவர் தம் வேலையைச் செய்யும் இடம் என்பதே ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள். கணினிக்கு அது பிறகு வந்தது.

‘ஸ்டேஷன்’ என்பது ‘நிற்றல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ‘ஸ்தானம்’ என்ற வடசொல்லுக்கும் அதே வேர். தமிழில் ரயில் நிலையம், காவல் நிலையம் என்று ஏற்கெனவே பழகிவிட்டதால் ‘பணிநிலையம்’ இயல்பாக அமைந்தது. இதிலுள்ள நிலையத்தை ‘நிலயம்’ என்ற வடசொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு. இன்று அதைக் கேட்பவர் காதில் ஒலிப்பது என்னவோ நில், நிலை என்ற தமிழ் வேர்தான்.

கணினிக்கு இந்தப் பெயர் நிலைபெற்றது 1980களின் தொடக்கத்தில். ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஆல்ட்டோ 1973இலேயே வழிகாட்டியிருந்தது. 1981இல் அப்போலோ நிறுவனத்தின் டிஎன்100, 1982இல் சன் நிறுவனத்தின் முதல் இயந்திரம் என்று கடைக்கு வரத் தொடங்கின. அக்காலத்து ஆய்வாளர்கள் ‘மூன்று எம்’ என்றொரு அளவுகோல் வைத்திருந்தார்கள் (எம் என்பது ‘மெகா’, அதாவது பத்து லட்சம்): ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள். நான்காவது எம் ஒன்றையும் சிலர் வேடிக்கையாகச் சேர்த்தார்கள்: விலை பத்து லட்சம் சென்ட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 10,000 அமெரிக்க டாலர்.

இன்று இச்சொல்லுக்கு அப்படி ஓர் எண் வரையறை இல்லை. டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி போன்ற வரிசைகளைத்தான் கடையில் இப்பெயரால் அழைக்கிறார்கள். ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்ற வரைவு மென்பொருள்களோடு சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கிராபிக்ஸ் டிரைவர், கூடுதல் ரேம் ஸ்லாட்டுகள், சில மாடல்களில் பிழைதிருத்தும் நினைவகம் (இசிசி) ஆகியவை இவற்றின் அடையாளம். டிடிஆர்5 ரேம் எல்லாவற்றிலும் சில்லுக்குள்ளேயே ஒரு பிழைதிருத்தம் இருக்கிறது. அதைக் காட்டி ‘இதுவும் இசிசிதான்’ என்று விற்பவரை நம்ப வேண்டாம். முழுமையான இசிசிக்குப் பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றும் இடம்கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களை 2015 முதல் ‘பிம்’ என்னும் முப்பரிமாணக் கணினி மாதிரி வடிவில் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், இந்த இயந்திரங்களைக் கட்டட வரைவு அலுவலகங்களில் அதிகம் பார்க்கலாம்.

தமிழில் எழுதும்போது வெறும் ‘பணிநிலையம்’ மேசையோடு குழம்பும். ‘பணிநிலையக் கணினி’, ‘பணிநிலைய மடிக்கணினி’ என்று எழுதுவதே என் பரிந்துரை. மடிக்கணினி என்பதில் மடியும் உண்டு, மடிப்பதும் உண்டு. பணிநிலைய வகைக்கு இரண்டாவது பொருளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. மடியில் வைத்தால் அடிப்புறக் காற்றுத்துளைகள் அடைபடும்.

இந்த வகையின் தகுதியைச் சொல்லுக்குள் இருக்கும் ‘நிலை’யைக் கொண்டே சோதிக்கலாம். முதல் நிமிட வேகம் எந்தக் கேமிங் லேப்டாப்பிலும் கிடைக்கும். பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையைத் தொடர்ந்து பத்து நிமிடம் ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் கிளாக் வேகத்தை ஒப்பிடுங்கள். இன்டெல் மடிக்கணினிச் சில்லுகள் பல 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்தச் சோதனையில் நம் ஊர் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. 24 பாகையில் ஏர்கான் ஓடும் அறையில் தாக்குப்பிடித்த இயந்திரம், 31 பாகையில் விசிறி மட்டும் சுழலும் வீவக வீட்டில் முன்னதாகவே தளர்ந்துவிடும். உள்ளே வரும் காற்றிலேயே ஏழு பாகை கூடிவிட்டதுதான் காரணம்.

புதிதாக வாங்கியபோது நிலைத்த வேகம் பிறகு நிலைக்கவில்லை என்றால், முதலில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் துடுப்புகளைப் பாருங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் தூசி கம்பளித் துணிபோல் அப்பிக்கொள்ளும். அதை எடுத்த பின்னும் சரியாகாவிட்டால், சில்லுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைப் பாருங்கள். சூடாவதும் ஆறுவதுமாக இருக்கையில் பேஸ்ட் சில்லின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். அதற்குப் பதில் ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகும் தாளைப் போடுவது மேல். சுமார் 45 பாகையில் இளகிப் படியும், எளிதில் பிதுங்காது. குளிர்பதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்துவிட்டு உரித்தால் மேலுறை கிழியாமல் வரும்.

‘அப்கிரேட்’டுக்குத் தமிழ் ‘தரமுயர்த்தல்’. நடைமுறையில் அது பெரும்பாலும் ரேம், எஸ்எஸ்டி என்ற இரண்டோடு முடிந்துவிடும். கிராபிக்ஸ் சில்லை இன்றைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

ரேம் வாங்குமுன் தலைமுறையைப் பாருங்கள். டிடிஆர்4 மடிக்கணினி ரேமுக்கு 260 முனைகள், டிடிஆர்5க்கு 262. வெட்டுப்பள்ளம் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. 2022இல் டெல் கொண்டுவந்த ‘கேம்’ (CAMM) என்ற வேறு வகை ரேம் பலகையுள்ள மாடலில் இரண்டுமே நேரடியாகப் பொருந்தாது. நான்கு ஸ்லாட் உள்ள டிடிஆர்5 இயந்திரத்தில் நான்கையும் நிரப்பினால் ரேமின் வேகம் பொதுவாக ஒரு படி இறங்கும். எனவே 64 ஜிபி போதும் என்றால் 16 நான்கைவிட 32 இரண்டு நல்லது. திங்க்பேட் பி53 போன்றவற்றில் இரண்டு ஸ்லாட்டுகள் விசைப்பலகைக்கு அடியில் இருக்கின்றன. அடிமூடியைக் கழற்றிவிட்டு ‘இரண்டுதான் இருக்கிறது’ என்று ஏமாற வேண்டாம்.

மூடியைத் திறக்குமுன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதிவையுங்கள். வன்பொருள் மாறினால் இயந்திரம் அதைக் கேட்கக்கூடும். சார்ஜரைப் பிடுங்கி, பயாஸில் (இயந்திரம் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) உள் பேட்டரியைத் துண்டிக்கும் தெரிவு இருந்தால் அதையும் செய்யுங்கள். இல்லாவிட்டால் மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி இணைப்பை எடுப்பதுதான். ரேமைச் சாய்வாக, தங்க முனைகள் கிட்டத்தட்ட மறையும் வரை செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று பிடிக்கும். முனைகள் நன்றாகத் தெரியும்போதே அழுத்துவதுதான் ‘ரேமைக் காணோம்’ என்ற புகாருக்கு வழக்கமான காரணம். டிடிஆர்5 மாற்றிய பின் முதல் முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். இயந்திரம் அப்போது நினைவகத்தின் நேர அளவுகளைச் சரிபார்க்கிறது. பதறிப்போய் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எஸ்எஸ்டி எளிது. எம்.2 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். நான்காம் தலைமுறை பிசிஐஇ வகை நொடிக்கு 7 ஜிபி வரை படிக்கும்.

வெளிநாட்டுச் சரக்கு வாங்கினால் சார்ஜர் பெட்டியை மாற்றத் தேவையில்லை. அதில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பாதுகாப்புக் குறியுள்ள மூன்று முனைக் கம்பி போதும். 230 வாட் கேட்கும் இயந்திரத்தில் 100 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகினால் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சுமை கூடும்போது பேட்டரியும் இறங்கும்.

பழையது வாங்குவோருக்கு ஒன்று. கடையில் வாங்கினால், ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறையை முதலிலிருந்தே இருந்ததாகக் கருதும் ‘லெமன்’ சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. தனியாரிடம் வாங்குவதற்கு அது பொருந்தாது. நிறுவனங்கள் கழித்துவிட்ட இயந்திரங்களில் பயாஸ் கடவுச்சொல் பூட்டு சில சமயம் அப்படியே இருக்கும். திங்க்பேடில் அந்தச் சொல் தெரியாவிட்டால் தயாரிப்பாளர் சொல்லும் வழி மதர்போர்டையே மாற்றுவதுதான். பணம் கொடுக்குமுன் இயந்திரத்தை அணைத்து, மீண்டும் போடும்போது திங்க்பேட் என்றால் எஃப்1 விசையை அழுத்தி, பயாஸ் கேள்வி கேட்காமல் திறக்கிறதா என்று பாருங்கள்.