திருடனுக்கு யார் ஜாமீன்?

ஒடெசாவில் ஒருவனிடம் திருடிய கிரெடிட் கார்டு எண்கள் இருக்கின்றன. லண்டனில் ஒருவன் அவற்றை வாங்கக் காத்திருக்கிறான். இருவருக்கும் முகப் பழக்கம் இல்லை, உண்மைப் பெயர்கூடத் தெரியாது. யார் முதலில் கொடுப்பது? ஏமாந்தால் போலீசுக்கும் போக முடியாது. சைபர் குற்றக் கும்பல் உருவாக வேண்டுமானால் முதலில் இந்த முடிச்சு அவிழ வேண்டும். கணினித் திறமை எல்லாம் அப்புறம்தான்.

2001இல் ரஷ்ய மொழி பேசும் சிலர் தொடங்கிய கார்டர்பிளானட் என்ற இணையச் சந்தை அதற்கு வழி கண்டது. விற்க வருபவன் முதலில் சாம்பிள் தர வேண்டும். பழைய ஆட்கள் சோதித்துப் பார்த்துச் சரி என்றால்தான் கடை விரிக்கலாம். அப்புறம் வந்த சந்தைகளில், சரக்கு கைக்கு வரும்வரை பணத்தை நிர்வாகியே வைத்திருக்கும் ஏற்பாடு வழக்கமானது. நிலம் வாங்கும்போது இரு தரப்புக்கும் பொதுவான பெரியவரிடம் அட்வான்ஸைக் கொடுத்து வைப்போமே, அதே முறை.

கும்பல் பெருக்கத் தொடங்குவது இங்கேதான். நம்பிக்கைக்கு வழி பிறந்ததும் வேலை பிரிந்துவிடுகிறது. வைரஸ் எழுதுபவன் ஒருவன், உள்ளே நுழைபவன் ஒருவன், திருட்டுப் பணத்தைக் கைமாற்றி வெள்ளையாக்குபவன் இன்னொருவன். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் இனி தேவையில்லை.

அமெரிக்காவின் எஃப்பிஐ இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அதன் அதிகாரி கீத் முலார்ஸ்கி, 'மாஸ்டர் ஸ்பிளிண்டர்' என்ற புனைபெயரில் டார்க்மார்க்கெட் என்ற இதேபோன்ற சந்தைக்குள் நுழைந்து நிர்வாகியாகவே ஆகிவிட்டார். திருடர்கள் பேசியதெல்லாம் எஃப்பிஐ சர்வரில் பதிவானது. 2008 அக்டோபரில் சந்தை மூடப்பட்டபோது பல நாடுகளில் கைதானவர்கள் 50 பேருக்கு மேல்.

அடுத்த தலைமுறை இன்னும் பெரிது. லாக்பிட் கும்பல், கோப்புகளைப் பூட்டித் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் மென்பொருளை வாடகைக்கு விட்டது. தாக்குபவர்கள் வெளியாட்கள், அதன் கூட்டாளிகள். பறித்த தொகையில் 20 சதவீதம் லாக்பிட்டுக்கு, மீதி அவர்களுக்கு. அதிலும் பணம் முதலில் அவர்கள் கைக்கே போகும், பங்கை அவர்கள்தான் அனுப்ப வேண்டும். ஆட்களை இழுத்தது அந்தச் சலுகை.

2022 டிசம்பரில் டொராண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை தாக்கப்பட்டது. பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. நோயுற்ற பிள்ளையோடு காத்திருந்த பெற்றோரை நினைத்தால் வயிறு எரிகிறது. லாக்பிட் மன்னிப்புக் கேட்டு, பூட்டைத் திறக்கும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. தாக்கியவன் விதியை மீறிவிட்டான், நீக்கிவிட்டோம் என்றது. அதை நான் இரக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. கடையின் பெயர் கெடக் கூடாது என்ற கணக்கு அது.

போலீஸ் அடித்ததும் அந்தப் பெயரைத்தான். 2024 பிப்ரவரியில் பிரிட்டன் தலைமையில் பல நாட்டுப் போலீஸ் லாக்பிட்டின் சர்வர்களைக் கைப்பற்றியது. அதன் பிறகு லாக்பிட் தளத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு கூட்டாளியையும் அவனுடைய புனைபெயர் சொல்லியே ஒரு செய்தி வரவேற்றது: நீ யாரைத் தாக்கினாய், எவ்வளவு பறித்தாய், என்ன பேசினாய், எல்லாம் எங்களிடம் இருக்கிறது. பணம் கட்டினால் திருடிய தகவல்களை அழித்துவிடுவோம் என்று சொன்ன லாக்பிட், பணம் கட்டியவர்களின் தகவல்களைக்கூட அழிக்கவில்லை என்பதும் அப்போதுதான் வெளிவந்தது.

சில நாட்களிலேயே லாக்பிட் வேறு சர்வரில் கடையைத் திறந்துவிட்டது. ஆனால் 194ஆக இருந்த கூட்டாளிகள், மே மாதம் பிரிட்டன் போலீஸ் எண்ணிப் பார்த்தபோது 69 பேர்தான்.