ரீஃபிட்னா பழுதுபார்க்கறதா, புதுக்கறதா? ஒரு சொல் விளக்கம்

ஒரு போர்க்கப்பல் 'ரீஃபிட்'டுக்குப் போகுதுன்னு செய்தி வந்தா தமிழ்ல அது நாலு விதமா வருது. ஒருத்தர் பழுதுபார்ப்புன்னு எழுதறார், இன்னொருத்தர் மறுசீரமைப்புங்கறார், இன்னொருத்தர் நவீனமயமாக்கல், சிலர் சும்மா பராமரிப்புன்னு போட்டுட்டு போயிடறாங்க. நாலையும் படிக்கற ஆளுக்கு அந்தக் கப்பல் உடைஞ்சு போயிருக்கா, இல்ல புது ஏவுகணை மாட்டப் போறாங்களா, ஒண்ணுமே புரியாது. கடற்படைல ரீஃபிட்டுக்குத் திட்டமான ஒரு அர்த்தம் இருக்கு, அதுக்குச் சரியான தமிழும் நம்மகிட்ட ரொம்பப் பழசாவே இருக்கு, அதை எடுத்துப் புழங்கணும்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

முதல்ல இங்கிலீஷ்ல எப்படி வந்துச்சுன்னு பாத்துடலாம். 'ஃபிட்'னா பொருத்து, தகுதியாக்கு. முன்னாடி நிக்கற 'ரீ' லத்தீன்ல இருந்து வந்தது, மறுபடியும்னு அர்த்தம். பாய்மரக் காலத்துல ஒரு கப்பலைக் கட்டித் தண்ணில இறக்கினா அது வெறும் கூடுதான், பாய்மரம், கயிறு, கப்பி, பீரங்கி, நங்கூரம் எல்லாம் ஏத்திப் பொருத்தினாத்தான் கடலுக்குத் தயாராகும், அந்த வேலைக்குப் பேரு 'ஃபிட்டிங் அவுட்', இன்னைக்கும் புதுக்கப்பலைத் தண்ணில இறக்கின பிறகு நடக்கற வேலையை அப்படித்தான் சொல்றாங்க. பல மாசம் கடல்ல அடிபட்டுத் திரும்பி வந்த கப்பலுக்கு இதே வேலையைத் திரும்பச் செஞ்சா ரீஃபிட். 17ஆம் நூற்றாண்டுலயே இந்த வினைச்சொல் கப்பலை வெச்சுப் புழக்கத்துல இருந்திருக்கு. ஆக பொறந்தப்பவே 'மறுபடியும் கடலுக்குத் தகுதியாக்கு'ங்கறதுதான் அர்த்தம், உடைஞ்சதை ஒட்டறதுங்கறது அதுல ஒரு பகுதி மட்டும்தான்.

இதோட சேர்த்துக் குழப்பிக்கற சொல்லு இன்னும் ரெண்டு இருக்கு. 'ஓவர்ஹால்' முதல்ல கயித்து வேலை. கப்பி வழியா ஓடற கயித்தை எதிர்ப்பக்கமா இழுத்துத் தளர்த்தறதுக்குப் பேரு அது, அப்புறம் எதையும் பிரிச்சுப் போட்டுச் சோதிச்சு மறுபடி கோக்கறதுன்னு விரிஞ்சு இன்னைக்கு இன்ஜினுக்கு வந்து நிக்குது. 'ரெட்ரோஃபிட்' ரொம்பப் பின்னாடி, 1950கள்ல வந்தது, கட்டும்போது இல்லாத ஒரு கருவியைப் பின்னாடி கொண்டு வந்து மாட்டறது.

இந்தியக் கடற்படைல ரீஃபிட்டை ஷார்ட் ரீஃபிட், நார்மல் ரீஃபிட், மீடியம் ரீஃபிட்னு அளவு வெச்சுப் பிரிப்பாங்க. ஷார்ட்னா குறைஞ்ச காலத்துல அவசியமானதை முடிச்சுட்டு வெளிய விடறது, மீடியம்னா கப்பலோட ஆயுள் பாதில கிட்டத்தட்ட மொத்தத்தையும் பிரிச்சுப் பாக்கறது. எதுவா இருந்தாலும் கப்பலை உலர் துறைல, அதாவது தண்ணியை வெளியேத்திட்டுக் கப்பலைக் காய வெச்சு வேலை பாக்கற துறைல, ஏத்தறாங்கன்னா உடம்போட அடிப்பக்கம், சுக்கான், புரொப்பெல்லர் தண்டு, கடல்நீர் உள்ள வர்ற வால்வு, இதெல்லாம் தண்ணிக்கு மேல வர்ற நேரம் அதுதான், அதனால அந்த நேரத்துக்குன்னே வேலையைச் சேர்த்து வெச்சிருப்பாங்க. பழுது, தேய்மானம், புதுக்கருவி மூணும் ஒரே பட்டியல்ல வரும். இதனாலதான் 'பழுதுபார்ப்பு'ன்னு மட்டும் எழுதினா பாதி விஷயம் போயிடுது.

நீர்மூழ்கில இது இன்னும் கடினம், இதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். மேல மிதக்கற கப்பல்ல ஒரு ஜெனரேட்டரை எடுக்கணும்னா தளத்துல ஒரு ஓட்டை போட்டுத் தூக்கிடலாம். நீர்மூழ்கிக்கு உள்ள அழுத்தம் தாங்கற கூடுன்னு ஒண்ணு இருக்கு, ஆழத்துல ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கிட்டே போகும், அதைத் தாங்கற எஃகை வெட்டித் திறந்தா, திரும்ப வெல்டிங் பண்ணி, அந்த வெல்டிங்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் கூட இல்லன்னு எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் வெச்சு நிரூபிக்கணும், இல்லன்னா ஆளை உள்ள வெச்சு முழுக விட முடியாது. பேட்டரி தனிக் கதை, டீசல் நீர்மூழ்கில நூத்துக்கணக்கான செல் இருக்கும், ஒவ்வொண்ணும் பல நூறு கிலோ, அதுக்கு ஆயுள் குறைவு, அதனால ரீஃபிட்ல மாத்தியே ஆகணும். பிரிச்சுப் பாத்த பிறகுதான் வேலையோட உண்மையான அளவே தெரியும். ஐ.என்.எஸ். சிந்துகீர்த்தி 2006ல விசாகப்பட்டினத்துல ரீஃபிட்டுக்குப் போய் 2015லதான் வெளிய வந்துச்சு, அவ்வளவு வருஷம் ஒரு நீர்மூழ்கி இல்லாமயே கடற்படை ஓட்டியிருக்கு. இதையும் 'பராமரிப்புப் பணி'ன்னு ஒரே வார்த்தைல எழுதிட்டு போறது நியாயமா சொல்லுங்க.

பழசைப் புதுசாக்கறதுல உலகத்துக்கே பாடம் சொன்னது ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அமெரிக்கா பண்ண 'கப்பி' திட்டம்தான் (நம்ம கயிறு ஓடற கப்பி இல்ல, நீருக்கடியில கூடுதல் உந்துசக்திங்கற அர்த்தம் வர்ற இங்கிலீஷ் பேரோட முதலெழுத்துச் சேர்க்கை). ஜெர்மனியோட டைப் 21 நீர்மூழ்கி கைல கிடைச்சதும் அதுல என்ன சிறப்புன்னு பாத்தாங்க, உடம்பு வழவழன்னு இருக்கு, பேட்டரி பெருசு, தண்ணிக்கடியில வேகம். உடனே தங்ககிட்ட இருந்த போர்க்கால நீர்மூழ்கிகள்ல மேல்தளத்து பீரங்கியைக் கழட்டி, நீட்டிக்கிட்டு இருந்ததையெல்லாம் மழிச்சு, பேட்டரியைப் பெருசாக்கி, முழுகினபடியே டீசல் இன்ஜினுக்குக் காத்து இழுக்கற மூச்சுக்குழாய் வெச்சாங்க. கூடு அதே கூடுதான், ஆனா மேல ஓடி அப்பப்போ முழுகற படகா இருந்தது அடியிலயே கிடந்து ஓடற கலமா மாறிடுச்சு. இதுல பழுதுபார்ப்புங்கற பேச்சே இல்ல.

சுவீடன் இன்னும் ஒரு படி மேல. 1980ல சேவைக்கு வந்த நெக்கன்ங்கற நீர்மூழ்கியை நடுவுல ரெண்டா வெட்டி, எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டைச் செருகி, அதுக்குள்ள ஸ்டர்லிங் இன்ஜினை வெச்சு 1988ல திரும்பக் கடல்ல விட்டாங்க. வெளிக்காத்து இல்லாமலே கரண்ட் உண்டாக்கற அந்த ஏற்பாட்டைத்தான் ஏ.ஐ.பி.ன்னு சொல்றோம், அதனால மெதுவா நகர்ந்தா வாரக்கணக்குல மேல வராம இருக்கலாம். செருகற துண்டு தண்ணில தன் எடையைத் தானே தாங்கற மாதிரி இருக்கணும், இல்லன்னா மொத்தக் கலத்தோட சமநிலையும் கெட்டுடும். நம்ம கல்வரி வகை நீர்மூழ்கிகளுக்கும் இதே வழிதான், நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கின ஃப்யூயல் செல் (ரசாயன வினைல கரண்ட் எடுக்கற கருவி) ஏ.ஐ.பி.யை வெக்கற துண்டைக் கட்டி இணைக்க 2024 டிசம்பர்ல மும்பை கப்பல் கட்டும் தளமான மசகான் டாக்கோட ஒப்பந்தம் போட்டாங்க. இந்தத் துண்டுக்கு யார்டுல 'பிளக்'னு பேரு, செய்திலயும் பிளக்னே போட்டுடறாங்க, படிக்கறவங்களுக்குச் சுவத்துல மாட்டற பிளக்தான் ஞாபகம் வரும். 'இடைத்துண்டு'ன்னு எழுதினா போதும், என்ன பண்றாங்கன்னு கண்ணுல தெரியும்.

மேற்பரப்புக் கப்பல்ல சிக்கல் வேற மாதிரி. இடம் இருக்கற மாதிரி தெரியும், ஆனா புது ரேடாரைக் கம்பத்து உச்சில ஏத்தினா எடையெல்லாம் மேல போய்க் கப்பல் அதிகமா சாயும், அதுக்குக் கீழ எடை சேக்கணும் இல்ல மேல இருந்து வேற எதையாவது கழட்டணும், அப்புறம் அந்த ரேடாருக்கு கரண்ட் வேணும், அது கக்கற சூட்டை ஆத்தக் குளிர்நீர் வேணும். யு.எஸ்.எஸ். மிசூரி 1944ல சேவைக்கு வந்த கப்பல், 1980கள்ல அதுல 32 டோமஹாக், 16 ஹார்பூன் ஏவுகணை மாட்டி 1986ல திரும்பக் கொண்டாந்தாங்க, 1991 வளைகுடாப் போர்ல அது டோமஹாக் ஏவுச்சு. இங்க ஐ.என்.எஸ். பியாஸ் இருக்கு, பிரம்மபுத்ரா வகைல முதல்முறையா நீராவி டர்பைனை எடுத்துட்டு டீசல் இன்ஜின் வெக்க 2023 அக்டோபர்ல கொச்சி ஷிப்யார்டோட ஒப்பந்தம் ஆச்சு. நீராவின்னா பாய்லர் வேணும், அதைப் பாத்துக்கத் தெரிஞ்ச ஆளு வேணும், கிளம்பறதுக்கு முன்னாடி சூடேறி அழுத்தம் வர நேரம் வேணும், அந்தக் காலமே முடிஞ்சிட்டு வருது.

ஆனா எல்லா மாத்தமும் ரீஃபிட் இல்ல. ரஷ்யால விமானமும் சுமந்துக்கிட்டு முன்பக்கம் பூரா ஏவுகணையும் வெச்சிருந்த கப்பலை, அந்த ஏவுகணையெல்லாம் பிடுங்கிட்டு மூக்கை மேல தூக்கி ஓடுதளம் கட்டி 2013 நவம்பர்ல ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவா வாங்கினோமே, அது உருமாத்தம். அமெரிக்கா நாலு ஒகையோ வகை அணு நீர்மூழ்கில டிரைடென்ட் ஏவுகணைக் குழாய்களை 154 டோமஹாக் வெக்கற மாதிரி மாத்தினதும் அதே கணக்கு. கலத்தோட வேலையே மாறுதுன்னா 'உருமாற்றம்', வேலை மாறாம திறமை கூடுதுன்னா அது வேற.

சரி, தமிழுக்கு வருவோம். 'மறுசீரமைப்பு'ங்கறதை இப்ப வங்கிக்கடன், அரசுத்துறை, தொகுதின்னு எல்லாத்துக்கும் போட்டுப் போட்டு அது நிர்வாகச் சொல்லாவே ஆயிடுச்சு, இரும்பை வெட்டி ஒட்டற வேலைக்கு அது ஒட்டல. 'மறுபொருத்தம்'ங்கறது நேரா இங்கிலீஷை எழுத்துக்கு எழுத்து மாத்தினது, பொருத்தம்னா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறதுங்கற அர்த்தம்தான் நமக்கு முதல்ல வரும். 'பழுதுபார்த்தல்' நல்ல சொல்லு, ஆனா அங்க பழுது இருந்தே ஆகணும். 'நவீனமயமாக்கல்'ல நவீன, மய ரெண்டும் சமஸ்கிருதம், அது குத்தமில்ல, ஆனா 'மயம்'னா முழுக்க நிறைஞ்சதுன்னு அர்த்தம், நீருக்கடியில ஒலியை வெச்சுத் தேடற ஒரு சோனாரை மட்டும் மாத்தினதுக்கு நவீனமயம்னு எழுதறது அதிகம்.

நம்ம பழைய சொல்லு 'திருத்து'. பரிபாடல் பத்தாவது பாட்டுல 'சிதையுங் கலத்தைப் பயினாற் றிருத்தி'ன்னு ஒரு வரி வருது, அடுத்ததா 'திசையறி நீகான்'னு வருது. சிதையற கலத்தைப் பயின், அதாவது பலகை இடுக்கை அடைக்கற பிசின் மாதிரியான பசை வெச்சுத் திருத்தற மாலுமி. யோசிச்சுப் பாருங்க, கப்பல் செப்பனிடற வேலைக்கு வினைச்சொல்லும், அதுக்குப் போடற பொருளுக்குப் பேரும், அதைச் செய்யற ஆளுக்குப் பேரும் சங்கப்பாட்டுல ஒரே இடத்துல இருக்கு. அதுக்கு மேல 'திருத்து'ங்கறதுக்குக் கெட்டதைச் சரிபண்றதுன்னு மட்டும் அர்த்தம் இல்ல, நிலம் திருத்தறதுன்னா தரிசை விளைநிலமா ஆக்கறது, இருந்ததை விட மேலான நிலைக்குக் கொண்டுவர்றது. ரீஃபிட்டோட ரெண்டு பக்கமும் அந்த ஒரே சொல்லுக்குள்ள அடங்குது.

'கலம்' அதுக்கு இன்னும் பொருத்தம். கப்பல், நீர்மூழ்கி, ரோந்துப்படகு எல்லாத்தையும் கலம்னு சொல்லலாம், விண்கலம் வரைக்கும் அந்தச் சொல்லு வந்தாச்சு. அதனால ரீஃபிட்டுக்கு 'கலத்திருத்தம்'. வெறும் 'திருத்தம்'னு போட்டா சட்டத்திருத்தம், பிழைத்திருத்தம்னு போயிடும், கலம் கூட நின்னா அந்தக் குழப்பம் இல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை, இதை வினையா எழுதறப்ப 'கலம் திருத்தல்'னு பிரிச்சே எழுதுங்க, சேத்து 'கலந்திருத்தல்'னு அடிச்சா ஏதோ ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கறதா ஆயிடும்.

நவீனப்படுத்தறதுக்குன்னு தனியா சொல்லு வேணும்னா 'புதுக்கு'. புதுக்கறதுன்னா புதுப்பிக்கறதுதான், கோயில் கல்வெட்டுகள்ல பழுது வந்தா புதுக்கறதுக்குன்னு விட்ட நிலத்துக்கு 'புதுக்குப்புறம்'னு பேரு இருக்கு, பராமரிப்புக்குன்னு நிரந்தரமா நிதி ஒதுக்கற யோசனையே அந்தச் சொல்லுக்குள்ள இருக்கறதைக் கவனிங்க. 'புதுக்கம்'னு பெயர்ச்சொல்லா எடுத்துக்கலாம். ஓவர்ஹாலுக்கு 'செப்பனிடல்' போதும், ரெட்ரோஃபிட்டுக்கு 'பின்பொருத்தல்', இது ரெண்டும் கேட்ட உடனே புரியும்.

கடைசியா ஒரு சொல், ரொம்பத் தப்பா வர்றது. இந்தியக் கடற்படை தன்னோட பழைய நீர்மூழ்கிகளுக்கு மீடியம் ரீஃபிட்டோட 'லைஃப் சர்டிஃபிகேஷன்'னு ஒண்ணையும் சேத்துச் செய்யுது. 1986ல சேவைக்கு வந்த ஜெர்மன் வடிவமைப்பு நீர்மூழ்கி ஐ.என்.எஸ். சங்குஷுக்கு 2023 ஜூன்ல மசகான் டாக்கோட போட்ட ஒப்பந்தம் அந்த வகைதான். இதை 'வாழ்நாள் சான்றிதழ்'னு எழுதினா பென்ஷன் வாங்கறவங்க வருஷா வருஷம் கொடுக்கறது மாதிரி இருக்கு, 'ஆயுள் சான்று'ன்னாலும் அதே நிலைமைதான். இங்க நடக்கறது என்னன்னா, கூடோட எஃகு, வெல்டிங், குழாய், வால்வு எல்லாத்தையும் சோதிச்சு, முதல்ல கணக்குப் போட்ட காலத்துக்கு மேல இன்னும் இத்தனை வருஷம் இந்தக் கலம் ஆழத்துக்குப் போலாம்னு உறுதி சொல்றது. அதனால 'பணிக்கால நீட்டிப்புச் சான்று'. சங்குஷ் செய்தியை நான் எழுதியிருந்தா இப்படித்தான் போட்டிருப்பேன்: "ஐ.என்.எஸ். சங்குஷ் நீர்மூழ்கிக்கு இடைநிலைக் கலத்திருத்தமும் பணிக்கால நீட்டிப்புச் சான்றும். மசகான் டாக்குடன் ஒப்பந்தம்."