காரைக்குடிக் கடையில் கிடைத்த பேஞ்சோவை எப்படிப் பேச வைப்பது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரங்களுக்கும் பர்மாத் தேக்குக் கதவுகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு மேல்நாட்டு வாத்தியம் தலைகாட்டும். கடல் தாண்டிப் போய்வந்த குடும்பங்களின் ஊரில் இது அதிசயமில்லை. அது பேஞ்சோவாக இருந்தால் உடனே வாங்கிவிடலாம். நம் ஊரில் சிலர் பேஞ்சோ என்றே அழைக்கும், கட்டைகளைத் தட்டி வாசிக்கும் புல்புல் தாராவைச் சொல்லவில்லை. வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தி, நீண்ட கழுத்து வைத்த கம்பி வாத்தியம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள், சொந்த ஊர்ச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் நினைவில் அமெரிக்க மண்ணில் உருவாக்கியது.

வாங்கியவர்கள் முதலில் செய்வது மரத்துக்கு மெருகு போடுவது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பேஞ்சோவின் உயிர் தோலில் இருக்கிறது.

கம்பி மிக மெல்லியது. தனியாக அதிர்ந்தால் காற்றை அதிகம் அசைக்காது. அகலமான ஒரு பரப்பை அது ஆட்டிவிட வேண்டும். வீணையில் கம்பியின் அதிர்வு அதைத் தாங்கி நிற்கும் குதிரை என்னும் சிறு பாலம் வழியாகப் பலாமரப் பலகைக்குப் போகிறது. மரம் கனமானது, கம்பியிடமிருந்து ஆற்றலை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். அதனால் நாதம் அடக்கமாக, நீண்ட கார்வையோடு வருகிறது. பேஞ்சோவில் ஏறக்குறைய 2 கிராம் எடையுள்ள மரக்குதிரை நேராகத் தோல்மேல் நிற்கிறது. தோல் லேசானது, கம்பியின் ஆற்றலை மளமளவென்று உறிஞ்சிக் காற்றில் கொட்டிவிடும். சத்தம் பெரிதாக வரும், சீக்கிரம் அடங்கும். அந்தப் படபடப்பான ஒலிக்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு கேள்வி வரும். வெறும் தோலில் அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேல்சுரங்கள் அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் அமைகின்றன. மிருதங்கத் தோலின் நடுவில் அப்பியிருக்கும் கரிய சோறு அந்த ஒழுங்கின்மையைச் சரிசெய்து முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது என்பதை 1920-இல் சி.வி.ராமன் எடுத்துக்காட்டினார். அப்படியென்றால் சோறு இல்லாத பேஞ்சோத் தோல் சுருதி கெடுக்காதா? கெடுக்காது. சுருதியைக் கம்பி பார்த்துக்கொள்கிறது, தோல் அதை உரக்கச் சொல்வதோடு சரி. ஆனால் தோல் தொய்ந்திருந்தால் குதிரை அமிழ்ந்து, கம்பி கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகளில் உரசி, ஒலி மந்தமாகிவிடும்.

தோலைத் தளர்த்துவது ஈரம். தோல் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. ஈரம் ஏறினால் இழைகள் இளகும், விறைப்பு குறையும். பறையைத் தீயில் காட்டுவது இந்த ஈரத்தை விரட்டத்தான்.

பழைய தோலில் விரிசல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். செருப்புக்குப் பதனிட்ட தோல் உதவாது, அது இழுத்த இழுப்புக்கு வரும். பதனிடாத, எங்கும் ஒரே கனமுள்ள கன்றுத்தோலோ ஆட்டுத்தோலோ வேண்டும். மிருதங்கம் கட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். வெந்நீர் கூடாது, ஊறிய தோல் ஏறக்குறைய 60 டிகிரியில் சுருண்டுவிடும். மெத்தென்று ஆனதும் வளையத்தில் சுற்றிச் சட்டத்தில் பொருத்தி, மேல்வளையத்தைக் கொக்கிகளால் லேசாக மட்டும் பிடிக்க வேண்டும். ஈரத்தோடு முழுக்க இறுக்கிவிட்டால் காயும்போது சுருங்கி, கிழிந்தே போகும். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்), நேர் வெயில் படாத இடத்தில் ஒன்றிரண்டு நாள் காயட்டும். அப்புறம் கார் சக்கரத்து நட்டுகளைப் போல எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்குங்கள். துருப்பிடித்த கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் போதும்.

அடுத்தது குதிரை. இது ஒட்டப்படுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்கும். காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாசித்த வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. சுருதி பிசகினால், மேளம் கட்டுபவர் என்று சொல்லப்படும் மெட்டு அமைப்பவர் ஒவ்வொரு மெட்டையும் நகர்த்திவிடலாம். பேஞ்சோவில் மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை, நகர்வது குதிரை மட்டும்தான். 12-ஆவது மெட்டு கம்பியின் சரிபாதியில் வர வேண்டும். அதற்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலித்தால் இடம் சரி. அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையை வால்பக்கம் இம்மி நகர்த்துங்கள். அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறுவதால், குதிரை கணக்குப்படி வரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் நிற்கும்.

கம்பி வாங்கும்போது கவனம் தேவை. 19-ஆம் நூற்றாண்டுப் பேஞ்சோக்கள் பெரும்பாலும் குடல்நரம்புக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் எஃகுக் கம்பி கட்டினால் இழுப்புத் தாங்காமல் கழுத்து வளையலாம். நைலான் போடுங்கள், ஒலியும் அந்தக் கால மிருதுவோடு வரும்.

1950-களின் இறுதியிலிருந்து பிளாஸ்டிக் தோலும் கிடைக்கிறது. மழை, வெயில் எதற்கும் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. இருந்தும் பழைய வாத்தியத்துக்கு அசல் தோலையே நான் விரும்புவேன். அதன் குரலில் ஒரு கனிவு உண்டு. ஐப்பசி மழையில் அது தொய்ந்தால் கொக்கிகளைக் கொஞ்சம் முறுக்கலாம். மாசி வெயில் தொடங்குமுன் அதே அளவு மறக்காமல் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் காய்ந்து சுருங்கும் தோல் வளையத்தின் ஓரமாகக் கிழியும்.