மாமனிடம் முதலில் சொன்னான்

போன வருடம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு ஓர் அழைப்பு. பேசியவர் பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருப்பவர். பின்னால் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டது. வீட்டில் வைத்துப் பேச முடியாத விஷயம் என்று அதிலேயே புரிந்துவிட்டது.

"ஏனுங்க, என்ற அக்கா பையன் எங்கிட்ட ஒண்ணு சொல்லிப்போட்டானுங்க. மூணு நாளாத் தூக்கமே இல்லீங்க."

பையனுக்குப் பத்தொன்பது வயது. கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பெண்கள் மேல் தனக்கு ஈர்ப்பு வந்ததே இல்லை, ஆண்கள் மேல்தான் என்று மாமனிடம் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு அழுதிருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஒண்ணும் ஓடலீங்க. சாப்பிட்டியா சாமின்னு கேட்டுப்போட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் போய் புரோட்டா தின்னோம்."

ஈரோட்டில் பதினாறு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டவுடன் பெரியவர்கள் என்னென்ன பேசினார்கள் என்பதை நிறையவே கேட்டாகிவிட்டது. அந்தப் புரோட்டாவைவிட நல்ல பதில் அதிகம் கிடைத்ததில்லை. (ஊர், தொழில், படிப்பு எல்லாவற்றையும் மாற்றி, இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

பிள்ளைகள் இதைத் திடீரென்று சொல்வதில்லை. வருடக்கணக்கில் நம்மை நோட்டம் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கை கை நீட்டியபோது நம் முகம் எப்படிப் போனது, டிவியில் 'அந்த மாதிரி' ஆளை வைத்துக் காமெடி பண்ணும்போது வீட்டில் யார் சத்தமாகச் சிரித்தார்கள், இதெல்லாம் அவர்களுடைய கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். "எதுக்கு என்கிட்டச் சொன்னான்னு தெரியலீங்க" என்று மாமன் குழம்பினார். பையனிடம் பிறகு கேட்டேன். "மாமா யாரையும் ஒம்போதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்லீங்க மேடம்" என்றான். அவ்வளவுதான் காரணம்.

அடுத்து மாமன் கேட்டது: "அக்காகிட்டச் சொல்லிப்போடட்டுங்களா?"

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வரும். தொழிலுக்கு வந்த புதிது. கல்லூரி மாணவி ஒருத்தி, கூடப் படிக்கும் தோழியைக் காதலிப்பதாக என்னிடம் சொன்னாள். நான் அவளைக் கேட்காமலே அம்மாவை உள்ளே கூப்பிட்டுப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. அந்த வாரமே ஹாஸ்டலைக் காலி செய்து கூட்டிப்போனார்கள். மூன்று மாதத்தில் முறைப்பையனோடு நிச்சயம் என்று காதில் விழுந்தது. அப்புறம் அவள் என்னிடம் வரவில்லை. ஏன் வருவாள்? ரகசியம் காப்பது மனநலச் சிகிச்சைக்கு வருபவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன்னாலும் நான் செய்தது தப்புதான்.

ஆகவே மாமனிடம் உடனே சொன்னேன்: வேண்டாங்க. யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் என்பது பையன் கையில் இருக்கட்டும். பாதி தெரிந்த செய்தி ஒறம்பரைக்குள், அதாவது சொந்தபந்தத்துக்குள், எவ்வளவு வேகமாகப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். இதற்கு இரண்டு விலக்குகள்தான் உண்டு. பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் இரண்டாம்பட்சம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, யாரோ தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னால் அது முற்றிலும் வேறு விஷயம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், மூடி மறைக்காதீர்கள்.

"இது நோவுங்களா? மருந்து இருக்குங்களா?"

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990 மே 17 அன்று. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னது. திருநங்கை, திருநம்பியராக இருப்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியலில் மனநோய் அத்தியாயத்தில் இல்லை.

ஒரு காலத்தில் இந்த இடத்தில் திருச்செங்கோட்டு மலையைக் காட்டிப் பேசுவேன். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுகிறவர்கள்தானே நாம் என்று. ஒரு அம்மா கேட்டார்: "சாமிக்குச் சரிங்க. சாமிக்குப் பொண்ணு பாக்கோணுமா, சீர் செய்யோணுமா?" அன்றோடு அந்த உதாரணத்தை விட்டுவிட்டேன். அவர் பயந்தது சாத்திரத்துக்கு இல்லை, கல்யாண மண்டபத்துக்கு.

நம் பக்கத்தில் இந்த விஷயம் போகும் பாதை எனக்கு மனப்பாடம். முதலில் குலதெய்வக் கோயிலில் பூவாக்கு, அதாவது பூ வைத்துச் சாமியிடம் உத்தரவு, கேட்பார்கள். பிறகு மந்திரித்துத் தாயத்து. பிறகு 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்லும் யாரோ ஒரு டாக்டர் அல்லது ஆலோசகர். எதுவும் நடக்கவில்லை என்றால் கடைசி வைத்தியமாகக் கல்யாணம். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, பெற்றவர்களுக்கு அழ ஓர் இடம் வேண்டும். மூன்றாவதையும் நான்காவதையும்தான் எதிர்க்கிறேன். பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை' என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயரில் நடப்பது மிரட்டலும் அவமானமும் தேவையில்லாத மாத்திரைகளும்தான். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் அத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதியவர் அவர். என்னிடம் வரும் அப்பாக்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் கதை இது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும், இந்தச் 'சிகிச்சை' தருவது மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது. கல்யாணத்தைப் பற்றி என்ன சொல்ல? மருந்து என்று நினைத்து இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைக் கொடுக்க நமக்கு உரிமை ஏது?

திருநம்பியாக வளரும் பிள்ளைகளின் பாடு இன்னும் கடினம், அது வெளியில் தெரிவதும் இல்லை. பெண் என்று வளர்க்கப்பட்டு, உள்ளுக்குள் தன்னை ஆண் என்று அறிந்த ஒரு பிள்ளைக்கு, வயதுக்கு வந்ததற்குச் செய்யும் தெரட்டிச் சீர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாமன் சேலை எடுத்து வருகிறார், ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது, ரோட்டு முக்கில் ஃபிளெக்ஸில் நகையோடு அதன் முகம். என்னிடம் வந்த ஒரு பிள்ளை, அந்த ஃபிளெக்ஸைக் கழற்றும் வரை பள்ளிக்கூடத்துக்கு வேறு ரோட்டில் சுற்றிப் போனதாம். இந்த வயதில் அந்தப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். முடியை வெட்டிக்கொள்ள விடுங்கள், அந்தச் சட்டையைப் போட விடுங்கள், வீட்டுக்குள்ளாவது நான் சொல்லும் பெயரில் கூப்பிடுங்கள். கொடுத்துப் பாருங்கள், யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

வார்த்தைகளைப் பற்றியும் கொஞ்சம். பழைய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஒரு மனுசனைப் படுக்கையறைக்குள் அடைத்துவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்று சொல்லலாம். எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் பால்புதுமையினர் என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. வாயில் வராவிட்டால் பரவாயில்லை, "உன்னை எப்படிச் சொல்றது கண்ணு?" என்று பிள்ளையையே கேளுங்கள்.

மனச்சோர்வும் பதற்றமும் இந்தப் பிள்ளைகளிடம் அதிகம் என்பது உண்மை. அதை வைத்து "பாத்தீங்களா, இது நோய்தான்" என்பவர்கள் உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் கேட்லின் ரயனும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் கடுமையாக ஒதுக்கிய இளைஞர்கள், அப்படி ஒதுக்காத வீட்டு இளைஞர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலை முயற்சி செய்ததாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஈர்ப்பு உள்ளவர்கள்தான், வீடுதான் வேறு. அமெரிக்காவின் டிரெவர் புராஜெக்ட் அமைப்பு 2019-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு: ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருந்த பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சி 40 சதவீதம் குறைவு. ஊர் வேறுதான், ஆனால் எங்கள் கிளினிக்கில் பார்ப்பதும் அதையே. அந்த ஒருவர் அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அமுச்சியாக இருக்கலாம், பி.டி. சாராக இருக்கலாம்.

முதலில் கேட்டவருக்கு நான் சொல்வது, அன்றைக்குப் பேசியதைவிட அடுத்த வாரம் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் பிள்ளை பார்க்கும். முன்பு தோளில் கை போட்டீர்கள் என்றால் இப்போதும் போடுங்கள். முன்பு கிண்டல் செய்தீர்கள் என்றால் கிண்டலும் தொடரட்டும், இந்த விஷயத்தைத் தொடாமல். தூக்கம் கெடுகிறதா, திடீரென்று படிப்பு விழுகிறதா, பிடித்த பொருளை எடுத்து யாருக்காவது கொடுக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பல பிள்ளைகள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டும் எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பெற்றவர்களை வில்லன்களாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் வெசனம் இருக்கிறது, அது நிஜம். பல வருடமாகக் கற்பனையில் நடத்திய கல்யாணம் ஒன்று கலைகிறது. அந்த அழுகையைப் பிள்ளையின் முன்னால் அழாமல் என் அறையில் வந்து அழுங்கள் என்பதுதான் நான் கேட்பது. சிலருக்கு ஆறு மாதம் ஆகிறது, சிலருக்கு ஆறு வருடம். சிலர் வருவதே இல்லை.

மாமன் போன பங்குனியில் மறுபடியும் அழைத்தார். பையன் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குகிறான், அரியர் இரண்டும் முடித்துவிட்டான்.

"ஊர்ல மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டாச்சுங்க. நோம்பிக்கு அவன் சிநேகிதனைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்கறான். சிநேகிதன்னா, உங்களுக்குப் புரியுதுங்களா?"

"புரியுதுங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு மட்டும் முன்னாடியே சொல்லிப்போடு சாமின்னேன்."