கின்னஸ் குமிழ்கள் ஏன் கீழே இறங்குகின்றன?

மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தன்று டப்ளினில் தன் வீட்டிலேயே நண்பர்களுக்கு ஐரிஷ் காக்டெயில் விருந்து வைக்கப்போகும் வாசகர் ஒருவர், கின்னஸ் என்ற ஐரிஷ் கறுப்பு பியரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "கின்னஸ் கேனைத் திறந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் குமிழ்கள் மேலே வராமல் கீழே இறங்குகின்றனவே, நிஜமா, கண் மயக்கமா?"

நிஜம்தான். 2004-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அலெக்சாண்டரும் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஸேரும் அதிவேக கேமராவில் படம்பிடித்தே காட்டிவிட்டார்கள். கோப்பைச் சுவரையொட்டிய குமிழ்கள் உண்மையிலேயே கீழ்நோக்கிப் போகின்றன.

சோடாவில் கரைந்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. அதன் குமிழ் பெருத்து விறுவிறுவென்று மேலே போய்விடும். கின்னஸில் நைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் 1959 வாக்கில் கொண்டுவந்த முறை அது. நைட்ரஜன் நீரில் கரையும் அளவு, கார்பன் டை ஆக்சைடு கரையும் அளவில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் குமிழ் வளராமல் சுமார் 0.1 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகிறது. கேனுக்குள் கடகடக்கும் பிளாஸ்டிக் பந்தும் இதற்காகத்தான்: கேனைத் திறந்து அழுத்தம் சரிந்ததும் அதன் நுண்துளை வழியே வாயு பீறிட்டு, கோடிக்கணக்கான பொடிக் குமிழ்களைக் கிளப்பிவிடும்.

குமிழ் எழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்தப் பொடிக் குமிழ்கள் வினாடிக்குச் சில மில்லிமீட்டர்தான் ஏறும். அதைவிட வேகமாகத் திரவம் கீழே ஓடினால், குமிழும் அதோடு இழுபட்டுப் போகும். சரி, திரவம் ஏன் கீழே ஓடவேண்டும்?

விடை கோப்பையின் வடிவத்தில் இருக்கிறது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் யூஜின் பெனிலோவும் சக கணிதவியலாளர்களும் 2012-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பியர் ஊற்றும் பைண்ட் கோப்பை அடியில் குறுகி, மேலே போகப்போக அகலும். குமிழ்களுக்கு ஒரே திசைதான் தெரியும்: செங்குத்தாக மேலே. சுவரோ வெளிப்பக்கம் சாய்ந்து விலகிக்கொண்டே போகிறது. ஆக, குமிழ் கொஞ்சம் ஏறினாலே சுவருக்கும் அதற்கும் இடைவெளி விழுந்துவிடுகிறது. சுவரோரம் குமிழ் குறைந்த மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. காற்றுக் கலப்புக் குறைந்த அந்தப் படலம் பக்கத்துத் திரவத்தைவிடக் கனம். சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும்போது ஓரத்தில் அகப்பட்ட குமிழ்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் குமிழ்கள் திரண்டு மேலே பொங்குகின்றன. கறுப்புத் திரவத்தின் நடுப்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாது, ஓரம் மட்டுமே தெரியும். எனவே எல்லாமே இறங்குவதாகத் தோன்றுகிறது.

இன்னும் உற்றுப் பார்த்தால், அந்தப் படலம் ஒரே சீராக இறங்காமல் பட்டை பட்டையாக அலைபாய்வது தெரியும். சரிவான சாலையில் மழைநீர் அலை அலையாக வழிகிறதே, அதே நிலைகுலைவுதான் இது என்று ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2019-இல் விளக்கியது.

எனக்கு இதில் பிடித்ததே இதன் பூர்வீகம்தான். 1920-இல் ஏ. ஈ. பாய்காட் என்ற நோயியல் மருத்துவர், ரத்தம் நிரப்பிய குழாயைச் சாய்த்து வைத்தால் சிவப்பணுக்கள் சீக்கிரம் படிவதைக் கவனித்து எழுதினார். அங்கே துகள் கீழே இறங்குகிறது, தெளிந்த பிளாஸ்மா மேல்சுவரையொட்டி ஏறுகிறது. கின்னஸ் அதைத் தலைகீழாக்கியது, அவ்வளவுதான். சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனையில் குழாயை நேராக நிறுத்துவதும் இதனால்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு கூடிவிடும். நீர் சுத்திகரிப்புத் தொட்டிகளில் சாய்தகடுகளை அடுக்கி வண்டலைச் சீக்கிரம் படியவைப்பதும் இதே விளைவை வைத்துத்தான்.

"பியர் குமிழுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா?" என்று கேட்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். சில மாதிரிகளை மட்டும் வைத்து முடிவு காண இன்று உலகமே பயன்படுத்தும் புள்ளியியல் டி-சோதனை, கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது. இதனால் என்ன லாபம் என்று முதல் நாளே கேட்டு நிதியை மறுப்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

விருந்தில் செய்து பார்க்க: அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள உயரமான கோப்பையில் ஊற்றி, உடனே லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். கீழ்ப்பக்கச் சுவரில் குமிழ்கள் இறங்கும், மேல்பக்கச் சுவரில் ஏறும். மது அருந்தாதவர்கள் ஆல்கஹால் இல்லாத கின்னஸிலும் இதைப் பார்க்கலாம்.

விருந்தில் ஐரிஷ் காபியும் உண்டென்றால் ஒரு விஷயம். 1940-களில் லிமெரிக் மாவட்டத்து ஃபாயின்ஸ் விமான நிலையத்தில் ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் உருவாக்கிய பானம் அது. சூடும் விஸ்கியும் காபியின் அடர்த்தியைக் குறைத்துவிடும். சர்க்கரைதான் அதை ஈடுகட்டி கிரீமை மேலே மிதக்கவைக்கிறது. எனவே முதலில் சர்க்கரையை முழுக்கக் கரையுங்கள். பிறகு லேசாக அடித்த கிரீமைக் கரண்டியின் முதுகில் மெதுவாக வழியவிடுங்கள்.