எஞ்சின் இல்லாமல் இறங்கிய மலை ரயில்

ரோலர் கோஸ்டரில் முதல் மேட்டின் மீது ஏறும்போது இருக்கைக்கு அடியிலிருந்து ‘டக் டக்’ என்று விடாமல் ஓர் ஒலி கேட்கும். பயணியின் பயத்தைக் கூட்ட அது வைக்கப்படவில்லை. இழுக்கும் சங்கிலி அறுந்தால் பெட்டி பின்னோக்கிச் சரியாமல் தடுக்கும் ஓர் ஏற்பாட்டின் ஒலி அது. இதே ஏற்பாடு, ரோலர் கோஸ்டர் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிக்காகப் போடப்பட்ட ஒரு மலைப்பாதையில் இயங்கிக்கொண்டிருந்தது.

சம்மிட் ஹில் என்ற மலையூரின் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரியைக் கீழே லீஹை ஆற்றங்கரையிலிருந்த மாக் சங்க் ஊருக்குக் கொண்டுவர, ஜோசையா வைட் முன்னின்று நடத்திய நிறுவனம் 1827-இல் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைத்தது. பாதை முழுவதும் ஒரே சீராக இறங்கியதால் இழுப்பதற்கு எஞ்சின் தேவைப்படவில்லை. கரி ஏற்றிய வண்டிகள் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தாமாகவே உருண்டு ஆற்றங்கரையை அடைந்தன. காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்ல வேண்டிய கோவேறு கழுதைகளும் அவற்றுக்கென்று விடப்பட்ட வண்டிகளில் நின்றபடியே இறங்கின. திரும்பி ஏற அவற்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடித்தது. இறக்கத்தில் சவாரி செய்து பழகிய கழுதைகள் அதன்பின் நடந்து இறங்கவே மறுத்துவிட்டன என்று ஒரு கதை உண்டு. கழுதையின் குணம் அறிந்தவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

கரியின் தேவை பெருகியபோது கழுதைகளின் வேகம் போதவில்லை. ஆகவே 1840-களின் நடுவில், காலி வண்டிகள் திரும்புவதற்குத் தனிப்பாதை ஒன்று போடப்பட்டது. பிஸ்கா மலையில் 708 மீட்டர் நீளமும் 202 மீட்டர் உயரமும் கொண்ட செங்குத்தான சாய்தளமும், ஜெஃபர்சன் மலையில் 141 மீட்டர் உயரம் ஏறும் மற்றொரு சாய்தளமும் அமைந்தன. சாய்தளத்தின் உச்சியில் நிலையாக நிறுவப்பட்ட நீராவி எஞ்சின் இரும்புப் பட்டையைச் சுருட்டி இழுக்கும். பட்டையில் பிணைத்த ஒரு சிறு தள்ளுவண்டி அடிவாரத்துக் குழியிலிருந்து வெளிவந்து, பயண வண்டியின் முதுகில் முட்டி அதை மேலே தள்ளிச் செல்லும். தள்ளுவண்டியிலிருந்து நீண்ட ஓர் இரும்பு நாக்கு, பாதையோடு பதித்திருந்த பற்சட்டத்தின் ஒவ்வொரு பல்லின் மீதும் ஏறி விழுந்துகொண்டே போகும். மேலே போகும் திசையில் பற்கள் சரிவாக இருப்பதால் நாக்கு தடையின்றி வழுக்கிச் செல்லும். பட்டை அறுந்து வண்டி பின்வாங்கினாலோ, பல்லின் நிமிர்ந்த பக்கத்தில் நாக்கு மாட்டிக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடும். தேர் நகரும் ஒவ்வோர் அடிக்கும் சக்கரத்தின் பின்னால் முட்டுக்கட்டை வைத்துக்கொண்டே வருவது போன்றது இது.

சுற்றுப்பாதையின் மொத்த நீளம் சுமார் 29 கிலோமீட்டர். அதில் எஞ்சின் உழைத்தது இரு சாய்தளங்களிலும் சேர்த்து ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான். அங்கே சேமித்த 343 மீட்டர் உயரத்தின் நிலையாற்றலே மீதித் தொலைவு முழுவதையும் ஓட்டியது. பிஸ்கா உச்சியிலிருந்து ஜெஃபர்சன் அடிவாரம் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் பாதை 92 மீட்டர்தான் இறங்குகிறது, அதாவது நூறு அடிக்கு ஓரடிக்கும் சற்றுக் குறைவு. உராய்வும் காற்றுத்தடையும் இல்லையென்று கொண்டால் 92 மீட்டர் இறக்கத்தின் முடிவில் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஆனால் இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது ஏற்படும் தடையை இந்தச் சரிவு சற்றே விஞ்சுகிறது, அவ்வளவுதான். அந்தச் சிறு மிச்சம்தான் வண்டியை ஓட்டுகிறது. வேகம் கூடக் கூடக் காற்றுத்தடையும் பன்மடங்காகி அதைத் தின்றுவிடும், எஞ்சியதைப் பிரேக் பிடிப்பவர் பார்த்துக்கொள்வார்.

1872-இல் மலையைக் குடைந்து சுரங்க ரயில்பாதை திறக்கப்பட்டதும் கரிக்கு இந்தப் பாதை வேண்டாததாயிற்று. ஆனால் வேடிக்கைப் பயணிகள் ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகள் பாதை அவர்களுக்காகவே ஓடியது. 1884-இல் லாமார்கஸ் தாம்ப்சன் நியூயார்க்கின் கோனி தீவில் திறந்த ரோலர் கோஸ்டர் சவாரிக்கு இதுவே முன்மாதிரி என்பார்கள். 183 மீட்டர் நீளம், மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகம், கட்டணம் 5 சென்ட். ஆனால் மாக் சங்க்கின் மிகச் சிறந்த அம்சம் அதில் இல்லை என்பதே விந்தை: பயணிகள் படியேறித்தான் கோபுர உச்சியை அடைந்தார்கள். எஞ்சின் இழுத்து ஏற்றும் மேடு மறு ஆண்டில்தான் வந்தது. பின்சரிவைத் தடுக்கும் கொண்டிக்கு ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றதோ 1910-இல்.

நகரத்து டிராம் நிறுவனங்கள், விடுமுறை நாளிலும் பெட்டிகள் நிரம்ப வேண்டும் என்று தங்கள் தடங்களின் முடிவில் பூங்காக்களை அமைத்த காலம் அது. மாசசூசெட்ஸின் ஹோலியோக்கில் டாம் மலையடியில் 1897 முதல் 1987 வரை இயங்கிய மவுன்டன் பார்க் அத்தகையது. அந்தப் பூங்காக்களில் சிறு இடத்துக்குள் அடங்கிய சவாரிகள் பெருகின. 29 கிலோமீட்டர் தண்டவாளத்தைப் பேணிக் காத்து ஒரே சவாரியை விற்கும் தொழில் அவற்றோடு போட்டியிட முடியாது. மோட்டார் காரும் பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்துகொள்ள, மலை ரயில் 1933-இல் நின்றது. 1937-இல் தண்டவாளங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. மாக் சங்க் இன்று ஜிம் தார்ப் என்ற பெயரில் இருக்கிறது. பழைய பாதையின் பெரும்பகுதி நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரிய தடமாகிவிட்டது. சம்மிட் ஹில்லிலிருந்து ஆற்றங்கரை நோக்கி வருபவர்கள் அதிகம் மிதிக்க வேண்டியிராத அளவுக்கு 1827-இல் வெட்டிய சரிவு இன்னும் வேலை செய்கிறது.